ஆடியில் குடிவந்தவர்கள்

ஜெயசீலி இறந்த செய்தி பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், காலைப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வந்தது. இலையில் அப்போதுதான் இனிப்பு வைத்திருந்தார்கள். அவர் மகள் பிரின்சி அனுப்பியதை நம் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். "என் அம்மா இன்று விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்." பழைய அடையாள அட்டைப் படம், அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். பக்கத்து இலைக்காரம்மா, "இனிப்பு வெச்ச இலைய உட்டுட்டு எந்திரிக்கக் கூடாதுங்க, வாயில போட்டுட்டுப் போங்க" என்றார். போட்டுக்கொண்டேன். ஜெயசீலி போன செய்தியை நான் ஒரு துண்டு மைசூர்பாகோடு சேர்த்து விழுங்கினேன். இதை அவரிடம் சொல்ல முடிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அவரைப் பற்றி நம் சங்க மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். "உங்களை விட யாருங்க அவங்களுக்கு நெருக்கம்?" என்றும் சொன்னார். நெருக்கம்தான். அதனால் நாலு வார்த்தையோடு, நான் அவரிடம் சொன்ன ஒரு பொய்யையும் இங்கே எழுதப்போகிறேன். அதை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

நம் வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய், சுவர் எதனால் கட்டியது, தரை என்ன தரை, கழிப்பறை உண்டா, வண்டி உண்டா, குளிர்சாதனப் பெட்டி உண்டா என்று கேட்டுப் படிவம் நிரப்புவது. ஜெயசீலி கடைசிவரை களத்தில்தான் இருந்தார். நான் சில வருடங்கள் அவரோடு வெயிலில் அலைந்துவிட்டு, பதவி உயர்வு வந்ததும் மேஜைக்குப் போய் அறிக்கை எழுதுகிறவள் ஆனேன். நாடு முன்னேறுகிறதா இல்லையா என்று அரசாங்கத்துக்குச் சொல்கிற வேலை என்று வீட்டில் மிடுக்காகச் சொல்லிக்கொள்வேன். ஜெயசீலி அதைக் கேட்டால், "ஊட்டுக்குள்ள என்னென்ன இருக்குதுன்னு சொல்றோம், அவ்வளவுதான் கண்ணு" என்பார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சேர்ந்த முதல் நாளிலிருந்து என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிட்டார்.

அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. படிவத்தின் கடைசிக் கட்டத்தை நிரப்பியதும் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்பார். அது எந்தப் படிவத்திலும் இருக்காது, வீட்டுக்கு வீடு வேறாக இருக்கும். பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீடு. தரை முழுக்கக் கிரானைட், வாசலில் இரண்டு கார். நான் படிவத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஜெயசீலி பேனாவை மூடிவிட்டு அந்த வீட்டம்மாவிடம், "ஏனுங்க அம்மணி, உங்களுக்குப் புடிச்ச கொழம்பு கடைசியா எப்ப வெச்சீங்க?" என்று கேட்டார். அந்த அம்மாள் சிரித்தார். அப்புறம் யோசித்தார். "எனக்கு என்னங்க புடிக்கும்?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். முகம் என்னமோ மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்ததும், இதெல்லாம் நமக்கு எதற்கு என்று நான் சிடுசிடுத்தேன். "எழுதறதுக்கு எடமில்லீங்கறதுனால அது இல்லாமப் போயிருமா கண்ணு?" என்றார்.

வளர்ச்சியைக் கண்டால் அவருக்கு ஆகாது என்று நம்மில் சிலர் நினைத்ததுண்டு. அது சரியல்ல. கோவையில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது நினைவிருக்கும். ஒரு பேராசிரியர் வந்து, அந்தக் காலத்துக் கிராமம் தன்னிறைவோடு, ஒற்றுமையோடு இருந்தது, ஆலையும் கம்பெனியும் வந்துதான் எல்லாம் கெட்டது என்று ஒரு மணி நேரம் உருகினார். கேள்வி உண்டா என்றதும் ஜெயசீலி எழுந்தார். "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கப்பா தோட்டத்து வேலைக்குப் போனவருங்க. ஊருக்குள்ள செருப்புப் போட்டுட்டு நடக்க உட மாட்டாங்க. எங்க சித்தப்பா மில்லு வேலைக்குப் போனதுக்கப்பறந்தான் எங்க தெருவுக்குள்ள மொதல் செருப்பு வந்துச்சு. அந்தக் காலத்தை நீங்க திரும்பக் கொண்டார மாதிரி இருந்தா, என்னை மட்டும் உட்டுப்போட்டுக் கொண்டாங்க." வகுப்பே கொல்லென்று சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார் என்றுதான் ஞாபகம். ஜெயசீலி மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் விடவில்லை. அப்படியென்றால் நீங்கள் என் கட்சிதானே என்று மடக்கினேன். என் கட்சி என்பது இதுதான்: முதலில் தொழில் பெருகட்டும், கையில் நாலு காசு புரளட்டும், மனசு தானாக விரியும். நான் எழுதிய அறிக்கைகளின் கடைசிப் பத்தியெல்லாம் இதைத்தான் வேறு வேறு சொற்களில் சொல்லும். ஜெயசீலி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். சாலையின் இரு பக்கமும் புதுப்புது வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். "வேண்டாம்னு யாரு சொன்னா கண்ணு? நல்லதுதான். அது எதுவரைக்கும் வருதுன்னுதான் நான் பாத்துட்டிருக்கறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஊடெல்லாம் பெருசாயிருச்சு. வாசப்படிதான் நகரவே இல்ல" என்றார். நல்ல வசனம் என்று சொல்லி நான் கேலி செய்தேன்.

பிரின்சி பொறியியல் படித்து முடித்துக் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். அன்று ஜெயசீலி அலுவலகம் முழுக்கக் கேக் கொடுத்தார். தோட்டத்து வேலைக்காரரின் பேத்தி கணினிக்கு முன்னால் உட்காருகிறாள். என் அறிக்கைக்கு இதைவிட ஓர் உதாரணம் வேண்டுமா என்று நான் அவரைவிட அதிகமாகக் குதித்தேன். அடுத்த மாதத்திலிருந்து தாயும் மகளும் வீடு தேடத் தொடங்கினார்கள். சூலூரிலிருந்து அவ்வளவு தூரம் தினமும் போய்வர முடியவில்லை. விடுமுறை நாளெல்லாம் வீடு பார்த்துவிட்டு, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜெயசீலி எங்களுக்கு அதை நடித்துக் காட்டுவார்.

"'எந்த ஊருங்க?' சூலூருங்க. 'சூலூர்ல எங்கீங்க?' சர்ச்சுக்குப் பின்னாலீங்க. 'ஓ... ஊடு எங்க பையனுக்கே தேவப்படுதுங்க.' நாம வாசல்ல நிக்கறப்பவே அவங்களுக்குப் பையன் பொறந்து, வளந்து, கல்யாணமாகி, தனிக்குடித்தனம் கேக்கறான் பாரு கண்ணு!"

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அவர் சிரிக்க வைத்ததால் சிரித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு மாடி எழுப்பி முடித்திருந்தோம். பஸ் போகிற சாலையைப் பார்த்த வீடு. வாடகைக்கு விடுவதாகப் பலகையும் மாட்டியாகிவிட்டது. ஜெயசீலி ஒருநாள் கோப்பு கொடுக்க வந்தவர், போகாமல் நின்றார். "கண்ணு, உங்க மாடி காலியா இருக்குதுன்னாங்க. நம்ம பிரின்சிக்குக் கெடைக்குமா? அவளும் கூட வேல பாக்கற புள்ளயும் ரெண்டே பேர்தான்." அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதென்ன கேள்வி, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாளைக்கே சாவி தருகிறேன் என்றேன். ஒப்புக்குச் சொன்னதல்ல, அந்த நேரத்தில் மனதார நம்பித்தான் சொன்னேன்.

வீட்டில் என் கணவர் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "நமக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு சொந்தக்காரங்க வந்து போற ஊடு. மேல யாரு இருக்கறாங்கன்னு கேப்பாங்க. உன்ற பிரண்டுன்னா ஆபீசோட வெச்சுக்க" என்றார். மாமியார் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். தக்காளிக்கடையில் அழுகல் ஒன்று வந்துவிட்டால் அரை மணி நேரம் நியாயம் பேசுகிற நான், அன்று சட்டியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கே அப்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்ததோ என்று இன்றுவரை சந்தேகம். அந்தச் சந்தேகம் இருப்பதே பதில்தான்.

இரண்டு நாள் ஜெயசீலியைக் கண்டால் ஒதுங்கிப் போனேன். மூன்றாவது நாள் அவரே வந்தார். நான் முந்திக்கொண்டேன். "அடடா, சொல்ல மறந்தேபோயிட்டேன். எங்க ஊட்டுல ஏற்கெனவே ஆள் பேசி வெச்சிருக்காங்க, எனக்கே தெரியல. போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடி வந்துட்டாங்க."

அது ஆடி மாதத்தின் நடுப்பகுதி.

ஆடியில் யாரும் வீடு மாறுவதில்லை. புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை, பாத்திரம் பண்டம் ஏற்றி வருவதில்லை. ஆனி கடைசியில் வராதவர்கள் ஆவணிக்குத்தான் வருவார்கள். கோவையில் எல்லா வீட்டுக்காரருக்கும் தெரியும், எல்லாக் குடித்தனக்காரருக்கும் தெரியும். கோவிலுக்குப் போகாத ஜெயசீலிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், வாழ்நாள் முழுக்க எந்த வீட்டில் யார் எப்போது குடிவந்தார்கள் என்று கேட்டு எழுதியவர் அவர். என் மாமியார் ஆடியில் ஒரு துடைப்பம்கூடப் புதிதாக வாங்க மாட்டார். பொய் சொல்ல எனக்கு எத்தனையோ வழி இருந்தது. அவசரத்தில் என் வாயில் வந்தது இதுதான்.

ஜெயசீலி என்னைப் பார்த்தார். "ஆடியிலயாங்க, கண்ணு?"

"அவங்களுக்கு ஏதோ அவசரமாமா" என்றேன்.

"சரிங்க" என்றார். கையில் இருந்த கோப்பை மேஜையில் வைத்து, அதன் ஓரத்தை மற்றக் கோப்புகளோடு ஒட்டி நேராக்கிவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் பலகையைக் கழற்றிப் படிக்குக் கீழே போட்டேன். சூலூர் பஸ் அந்த வழியாகத்தான் போகும். மறுநாள் என் கணவர், காற்றில் விழுந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் மாட்டினார். ஏன் கழற்றினேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆவணி பிறந்து பத்து நாள் வரைக்கும் அது அங்கேயே தொங்கியது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஜெயசீலி அதைக் கடந்து போய்வந்தார். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாளிலிருந்து என்னை மேடம் என்று கூப்பிட்டார். பதவியில் நான் ஒரு படி மேல் என்பதால் அலுவலகத்தில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அவர் முகம் கோணியதே இல்லை. பண்டிகைக்குக் கேக் கொண்டுவருவார், என் மாமியார் உடம்பை விசாரிப்பார். வீடு தேடிய கதையை மட்டும் அதற்குப் பிறகு யாருக்கும் நடித்துக் காட்டவில்லை. பிரின்சி விடுதியில் சேர்ந்துவிட்டாள் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய பணி நிறைவு விழாவில் நான்தான் பாராட்டிப் பேசினேன், உங்களில் பலர் இருந்தீர்கள். உடன்பிறவாச் சகோதரி என்றெல்லாம் அடித்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். அவர் மடியில் இருந்த மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சிறுநீரகம் கெட்டு அவர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடக்கத் தொடங்கியபோது தொலைபேசியில் பேசினேன். உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும், நேரில் வருகிறேன் என்றேன். "வாங்க மேடம். ஒடம்பு கொஞ்சம் தேறட்டும், ஒக்காந்து பேசலாமுங்க" என்றார். சரி என்று வைத்துவிட்டேன். தேறட்டும் என்று அவர் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் போகவில்லை. இதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

கல்யாண மண்டபத்திலிருந்து நேராகக் கிளம்பியதால் பட்டுச்சேலையோடுதான் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன். தலையில் இருந்த பூவை மட்டும் பஸ்ஸில் எடுத்துப் பைக்குள் போட்டிருந்தேன். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடி. போன வருடம் பிரின்சி சொந்தமாக வாங்கியிருக்கிறாள். எனக்கு அதுவே தெரியாது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜெயசீலி வெள்ளைச் சேலையில் படுத்திருந்தார். தேவாலயத்துப் பெண்கள் மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டு அம்மாள் பிளாஸ்கில் காபி கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அந்தத் தளத்தில் மற்ற இரண்டு கதவுகள் மூடியே இருந்தன. வேலைக்குப் போயிருப்பார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

பழக்கதோஷம், கண் தானாக வீட்டைச் சுற்றியது. பளிங்குத் தரை, இரண்டு கழிப்பறை, குளிர்சாதனம், சலவை இயந்திரம். நம் படிவத்தில் உள்ள அத்தனை கட்டத்துக்கும் இங்கே 'உண்டு' போடலாம். பிரின்சி என் கையைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குக் கூட்டிப்போனாள். "வாடகைக்குத்தான கேள்வி கேப்பாங்க, வாங்கிப்போட்டா யாரு கேப்பான்னு அம்மாதான் ஆன்ட்டி புடிச்ச புடியா நின்னாங்க. பேங்க்ல சம்பளச் சீட்டை மட்டுந்தான் கேட்டாங்க. ஊர்ல எந்தப் பக்கம்னு கேக்கவே இல்லீங்க" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை, என் தோளில் சாய்ந்து அழுதாள். வளர்ச்சி எதுவரைக்கும் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷி, இவ்வளவு தூரம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அதில் எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரின்சி சொன்னாள்: "உங்களை நான் மறக்கவே மாட்டேன் ஆன்ட்டி. அன்னைக்கு எங்களுக்கு ஊடு தாரேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தானாமா. அந்த மாடியில தண்ணி ரொம்பக் கஷ்டம், வேலைக்குப் போற புள்ள எப்படிக் கொடம் தூக்குவேன்னு அம்மாதான் வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம். எத்தனையோ எடத்துல வாசல்லயே திருப்பி அனுப்பிச்சாங்க. அப்பெல்லாம் நெனச்சுக்குவேனுங்க, இந்த ஊர்ல ஒரு ஊட்டுலயாச்சும் நமக்குக் கதவு தெறந்துச்சு, தண்ணி மட்டுந்தான் இல்லைன்னு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "ஆமா சாமி" என்றேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். உள்ளே அவள் அம்மா இருந்த இடத்துக்குத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் மானத்தைக் காப்பாற்றத்தான் ஜெயசீலி அப்படிச் சொன்னார் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சுகமாக இருக்கிறது. அது உண்மையாக இருக்காது. மகளுக்காகச் சொல்லியிருப்பார். இருபத்திரண்டு வயதுப் பெண், சம்பாதிக்கத் தொடங்கிய கையோடு ஊர் முழுக்கக் கதவு மூடுவதைப் பார்க்கிறாள். அம்மாவின் சிநேகிதி வீட்டுக் கதவும் மூடியதென்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஒரு வீடாவது திறந்திருந்தது என்று அவள் நம்பட்டும் என்று, திறக்காத என் வீட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஒரு வாரமாக இதை எழுதலாமா கூடாதா என்று தவித்தேன். அந்த ஒரு வீட்டையும் இந்தப் பெண்ணிடமிருந்து பிடுங்குகிறேனா? பிடுங்கத்தான் செய்கிறேன். ஆனால் அவள் நன்றி சொல்லும்போதெல்லாம் தலையைத் தடவிக்கொண்டு நிற்க என்னால் இனி முடியாது. நாடு வளர்ந்தால் மனசு தானாக விரியும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்த வருடம் எங்கள் வீடு ஒரு மாடி உயர்ந்தது, அதற்குள் இருந்த நாங்கள் ஓர் அங்குலமும் நகரவில்லை. இனி யாராவது கேட்டால் என் அறிக்கைகளை எடுத்து நீட்ட மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

ஜெயசீலியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு கேள்வி. "ஆடியிலயாங்க, கண்ணு?" என்னை அவர் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் கடைசி. பொய் என்று தெரிந்த பிறகும், நான் மாற்றிச் சொல்வதற்கு ஒரு நொடி இடம் கொடுத்து அன்போடு கேட்ட கேள்வி அது. அந்த நொடியை நான் வீணாக்கினேன். அவர் தன் மகளிடம் எனக்கு வாங்கிக் கொடுத்த நல்ல பெயரை நான் வைத்துக்கொள்ளக் கூடாது.

பிரின்சி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். எங்கள் மாடியில் தண்ணீருக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை.